பழைய ட்ரக் ஒன்றைச் சொந்தமாக வாங்குமுன்: ஒன்ராறியோவில் பார்க்க வேண்டியவை

சம்பளத்துக்கு ஓட்டிய சில ஆண்டுகளுக்குப் பின் சொந்தமாக ட்ரக் வாங்க நினைக்கும் ஓட்டுநர் பெரும்பாலும் முதலில் விசாரிப்பது விலையையும் ஓடிய கிலோமீட்டரையும்தான். ஆனால் அந்த ட்ரக் எதை, எந்தப் பாதையில் இழுக்கப் போகிறது என்பதை அதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். எல்லை தாண்டி அமெரிக்காவுக்குள் பெட்டி ட்ரெய்லர் இழுப்பவருக்கு அங்குள்ள பொதுவான மொத்த எடை வரம்பு 80,000 இறாத்தல் என்பதால், 12,000 இறாத்தல் தாங்கும் முன் அச்சும் 40,000 இறாத்தல் தாங்கும் பின் அச்சுகளும் கொண்ட ட்ரக் போதுமானது. ஒன்ராறியோவுக்குள் பி-ட்ரெயின் (ஒன்றன்பின் ஒன்றாகப் பூட்டிய இரண்டு ட்ரெய்லர்கள்) இழுக்க விரும்புபவருக்கோ மொத்த எடை 63,500 கிலோ வரை போகலாம். அவருக்குக் கனத்த பின் அச்சுகளும், பளுவை எடுத்துப் புறப்படக்கூடிய கியர் விகிதமும் தேவை. நெடுஞ்சாலையில் டீசலை மிச்சப்படுத்துவதற்கென்று அமைத்த ட்ரக்கை வாங்கிச் சரளைக்கல் ஏற்றினால், மிச்சம் பிடித்த டீசல் காசு கிளட்சுக்கும் டிஃபரென்ஷலுக்கும் போய்விடும். கலிபோர்னியா வரை ஓட நினைப்பவர், 2023 ஜனவரி 1 முதல் அங்கே 2010 அல்லது அதற்குப் பிந்தைய மாதிரி ஆண்டு எஞ்சின் கட்டாயம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ட்ரக்கைப் பார்க்கப் போகும் நாளில், எஞ்சினை முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் தொலைபேசியிலேயே சொல்லிவிடுங்கள். போய் இறங்கியதும் எஞ்சின் பிளாக்கின் மீது கையை வைத்துப் பாருங்கள். அது சூடாக இருந்தால், குளிரில் ஸ்டார்ட் ஆகச் சிரமப்படுவதை மறைக்கிறார்கள் என்று சந்தேகிக்க இடமுண்டு. (ஜனவரியில், பிளாக்கை மின்சாரத்தால் சூடாக வைக்கும் பிளாக் ஹீட்டர் இரவு முழுவதும் செருகியிருந்திருக்கலாம் என்பதால், செருகியைப் பார்த்த பிறகு சந்தேகப்படுங்கள்.) எஞ்சின் ஓரளவு சூடேறி ஐடிலில் ஓடும்போது, ஒயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அதே துவாரத்தின் மீது தலைகீழாக வையுங்கள். மூடி இலேசாக நடுங்கினால் கவலையில்லை. உள்ளிருந்து வரும் காற்று அதைத் தூக்கி எறிந்தால் பிஸ்டன் ரிங்குகளோ லைனர்களோ தேய்ந்திருக்கக்கூடும். அந்த எஞ்சினைப் பிரித்துக் கட்டும் செலவு ஐந்து இலக்க டொலரில் வரும். நான் முதன்முதலில் விலை பேசிய ட்ரக்கில் குரோம் பூச்சு கண்ணைப் பறித்தது. அந்த மூடியோ துள்ளி விழுந்து பம்பருக்கு அடியில் உருண்டது. விற்பவர் அதைக் குனிந்து எடுத்துத் துடைத்து, ஒன்றும் நடக்காதது போல மீண்டும் மாட்டினார்.

ஒயில் மாதிரி ஒன்றை எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புவதற்கு ஆகும் செலவு மிகச் சிறியது. சிலிக்கன் கூடியிருந்தால் எஞ்சினுக்குள் தூசி போயிருக்கிறது. சோடியமோ பொட்டாசியமோ கூடியிருந்தால் கூலன்ட் கசிகிறது என்று எண்ண வேண்டும். ஈயமும் செம்பும் கூடினால் பேரிங்குகளைச் சந்தேகிக்க வேண்டும். ஆனால் முந்தின நாள் மாற்றிய புது ஒயில் எதையும் காட்டிக்கொடுக்காது. ஆகவே டிப்ஸ்டிக்கில் ஒயில் தேன் நிறத்தில் இருந்தால் மகிழ வேண்டாம், ஒயிலை எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள்.

இக்காலத்து ட்ரக்கில் சொந்தக்காரரை அதிகம் அலைக்கழிப்பது எஞ்சினைவிடப் புகைச் சுத்திகரிப்பு அமைப்புத்தான் என்பது என் கருத்து. 2007இன் அமெரிக்கப் புகை விதிகளோடு டிபிஎஃப் என்னும் கரி வடிகட்டி வந்தது. 2010இன் விதிகளுக்குப் பிறகு ஏறக்குறைய எல்லாத் தயாரிப்பாளர்களும், புகையிலுள்ள நச்சு வாயுவைக் குறைக்க டெஃப் திரவம் தெளிக்கும் அமைப்பையும் சேர்த்தார்கள். புகைபோக்கியின் முனைக்குள், அது ஆறியிருக்கும்போது, வெள்ளை டிஷ்யூ ஒன்றால் துடைத்துப் பாருங்கள். வடிகட்டி நல்ல நிலையில் இருந்தால் டிஷ்யூ ஏறக்குறைய சுத்தமாகவே வெளிவரும். அது கறுத்து வந்தால், வடிகட்டி உடைந்திருக்கும் அல்லது யாரோ அதை அகற்றியிருப்பார்கள். அகற்றிய ட்ரக்கை "தொல்லையில்லாத வண்டி" என்று புகழ்ந்து விற்பவர்கள் உண்டு. ஒன்ராறியோவிலும் அமெரிக்காவிலும் அது சட்டவிரோதம் என்பதால், அந்தத் தொல்லையெல்லாம் வாங்குபவர் தலையில்தான் விழும்.

எஞ்சின் கணினியில் பதிந்துள்ள விபரங்களை மெக்கானிக் ஒருவரைக் கொண்டு இறக்கிப் பாருங்கள். டெட்ரொய்ட் டிடி15, கம்மின்ஸ் எக்ஸ்15, வொல்வோ டி13, பக்கார் எம்எக்ஸ்-13 என்று எந்த எஞ்சினானாலும் இது இயலும். ரீஜென் (வடிகட்டியில் சேர்ந்த கரியை எரித்துச் சுத்தமாக்குவது) எவ்வளவு அடிக்கடி நடக்கிறது, எந்தப் பிழைக் குறியீடுகள் திரும்பத் திரும்ப வருகின்றன என்பதோடு, மொத்த மணிநேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். 9 இலட்சம் கிலோமீட்டரை 15,000 மணிநேரத்தில் ஓடிய ட்ரக்கின் சராசரி மணிக்கு 60 கிலோமீட்டர். அது பெரும்பாலும் நெடுஞ்சாலையில் ஓடியது. அதே தூரத்துக்கு 25,000 மணிநேரம் என்றால் சராசரி 36தான். அந்த எஞ்சின் நெரிசலிலும், ஓட்டுநர் தூங்கும்போது நின்றபடியும், நெடுநேரம் ஓடியிருக்கிறது. விளம்பரத்தில் இரண்டு ட்ரக்குகளும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

நம் மாகாணத்தில் தனியாகச் சொல்ல வேண்டியது துரு. குளிர்காலம் முழுவதும் 401 நெடுஞ்சாலையில் கொட்டப்படும் உப்பு, சேஸி சட்டத்துக்கும் அதில் பொருத்திய குறுக்குத் துண்டுகளுக்கும் நடுவே புகுந்து இருந்துவிடுகிறது. அங்கே துரு அடுக்கடுக்காக வளரும்போது இரும்பையே நெம்பிப் பிரித்து, போல்ட்டுகளை முறித்துவிடும். ஆகவே டோர்ச் விளக்கோடும் சிறு சுத்தியலோடும் ட்ரக்கின் அடியில் நுழைந்து, இரண்டு இரும்புகள் சேரும் ஒவ்வோர் இடத்தையும் தட்டிப் பாருங்கள். தகடு தகடாக உதிர்கிறதா, நேராக இருக்க வேண்டிய விளிம்பு எங்காவது புடைத்திருக்கிறதா என்று கவனியுங்கள். அடிப்பகுதி முழுவதும் புதிதாகக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தால் இரட்டிப்பு நேரம் செலவிடுங்கள். பிரேக்குக்கான காற்றைச் சேமித்து வைக்கும் தாங்கிகளின் அடிப்புறத்தையும், வயர் இணைப்புகளில் பச்சை பிடித்திருக்கிறதா என்பதையும் விட்டுவிடாதீர்கள்.

டயர், பிரேக், ட்ரெய்லரைப் பூட்டும் ஐந்தாம் சக்கரம் ஆகியவற்றை எந்தப் பரிசோதகரும் பார்த்துவிடுவார். முன் டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால், முன் சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங்பின்னையும், சக்கரங்களின் நேர்வரிசையான அலைன்மென்டையும் பார்க்கச் சொன்னால் போதும். படுக்கையறையின் அழகுக்கு நான் ஒரு டொலர்கூடக் கூட்டிக் கொடுக்க மாட்டேன்.

பணம் கொடுக்குமுன், வாகன அடையாள எண்ணைக் கொண்டு சொத்துகளின் மீதுள்ள கடன்களைப் பதியும் ஒன்ராறியோவின் பிபிஎஸ்ஏ பதிவேட்டில் தேடி, பழைய சொந்தக்காரரின் கடன் அந்த ட்ரக்கின் மீது நிலுவையில் இருக்கிறதா என்று பாருங்கள். வேறு மாகாணத்தில் பதிவாகியிருந்த ட்ரக் என்றால் அங்கும் தேட வேண்டும். வேலை கொடுக்கும் நிறுவனமே ட்ரக்கையும் தவணைக்குக் கொடுக்க முன்வந்தால், அங்கிருந்து விலகும் நாளில் நீங்கள் கட்டிய தவணைகள் என்னவாகும் என்ற பந்தியைத் தேடி வாசித்த பிறகே கையெழுத்திடுங்கள். கையிலுள்ள பணம் முழுவதையும் முற்பணமாகக் கொடுக்காமல், ஒரு பெரிய பழுதுக்கான தொகையைத் தனியே ஒதுக்கி வையுங்கள். முதல் ஆண்டிலேயே அது தேவைப்படலாம். அச்சாரம் கொடுக்கும்போது, "எனது மெக்கானிக்கின் பரிசோதனையிலும் ஒயில் ஆய்விலும் குறை கண்டால் இப்பணம் முழுவதும் திருப்பித் தரப்படும்" என்று பற்றுச்சீட்டிலேயே எழுதி, விற்பவரிடம் கையொப்பம் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த வரியை எழுத மறுப்பவரிடம் மேற்கொண்டு விலை பேச வேண்டியதில்லை.