டோக்கியோவின் சந்து பார்கள்: வழிகாட்டியோடு போகும்போது செய்யக் கூடாத தவறுகள்

டோக்கியோ போகிறவர்கள் பலர் இப்போது ஒரு மாலையை பார் நடைக்கென்று ஒதுக்குகிறார்கள். ஒரு கைடு ஐந்தாறு பேரைக் கூட்டிக்கொண்டு ஷிஞ்ஜுகு, ஷிபுயா, அகபானே மாதிரி இடங்களின் சந்துகளில் மூன்று மணி நேரம் நடப்பார். இடையில் இரண்டு மூன்று இஸகாயாக்களில் உட்கார வைப்பார். இஸகாயா என்பது குடியும் சாப்பாடும் ஒன்றாகக் கிடைக்கும் அக்கம்பக்கத்துக் கடை. அந்த ஊர் மக்கள் வேலை முடிந்து எப்படி இளைப்பாறுகிறார்கள் என்று பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. இருந்தும் அந்த மாலை கசந்துபோய்த் திரும்புகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் ஒரே விஷயத்தைத்தான் அவர்கள் கவனிக்காமல் விட்டிருப்பார்கள்: அந்தக் கடையில் இருப்பதே எட்டு நாற்காலிதான்.

ஷிஞ்ஜுகுவில் உள்ள கோல்டன் காய் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறு குறுகலான சந்துகள், இருநூறுக்கும் மேற்பட்ட பார்கள். உலகப் போருக்குப் பிந்தைய கள்ளச்சந்தையில் வேர்விட்ட இடம் அது. 1958-இல் பாலியல் தொழில் தடைச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்த பிறகு அங்கிருந்த சின்னச் சின்னக் கட்டடங்கள் பார்களாயின. பல கடைகளில் கவுண்டரை ஒட்டி ஆறு முதல் பத்துப் பேர்தான் உட்கார முடியும். உள்ளே ஒரே ஆள். அவரே முதலாளி, அவரே ஊற்றித் தருபவர், அவரே கிளாஸ் கழுவுபவர். எழுத்தாளர்கள், சினிமாக்காரர்கள், நாடகக்காரர்கள் என்று கடைக்குக் கடை ஒரு கூட்டம் உண்டு. 1980-களில் நில விலை எகிறி, இடத்தை வளைக்க ஆட்கள் சுற்றிவந்த காலத்தில் இந்தச் சந்துகள் இடிபடாமல் நின்றதற்குக் கடைக்காரர்களோடு அந்த வாடிக்கையாளர்களும் காரணம். அவர்கள் பக்கத்தில்தான் நீங்கள் போய் உட்காரப் போகிறீர்கள்.

அதிகம் சண்டை வருவது ஒரு சின்னக் கிண்ணத்தால். உட்கார்ந்ததும் கை துடைக்க ஈரத் துண்டு வரும். வெயில் காலமானால் குளிர்ந்தது, மற்ற நேரத்தில் சூடானது. அதோடு நீங்கள் கேட்காமலேயே ஒரு கிண்ணத்தில் ஏதாவது வரும்: வேகவைத்த முள்ளங்கி, எள் போட்ட கீரை, ஒரு கரண்டி உருளைக்கிழங்கு சாலட். இதற்குப் பெயர் ஒதோஷி. ஓசி சைடிஷ் என்று நினைத்து ஆனந்தமாகச் சாப்பிட்டுவிட்டு, பில்லில் ஆளுக்கு 300 முதல் 500 யென் வரை ஏறியிருப்பதைப் பார்த்து, ஏமாற்றிவிட்டார்கள் என்று குதிப்பவர்கள் இருக்கிறார்கள். இது ஏமாற்று இல்லை. அந்த நாற்காலிக்கான வாடகை, சாப்பிடும் பொருளாக வருகிறது, அவ்வளவுதான். கோல்டன் காயில் பல கடைகளில் இருக்கைக் கட்டணம் என்றே தனியாக 500, 1000 யென் வாங்குவார்கள். சில கடைகள் வாசலிலேயே எழுதி வைத்திருக்கும். இல்லாவிட்டால் உட்காரும் முன் கேட்பதில் தப்பே இல்லை. டூர் கட்டணத்தில் இது அடங்குமா, எத்தனை கிளாஸ் வரை அடங்கும் என்பதை மட்டும் முன்பதிவு செய்யும்போதே தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டு பேர் சேர்ந்து ஒரே பீர் சொல்வதும் இதே வகைத் தவறு. உட்காரும் ஒவ்வொருவரும் ஒரு பானமாவது சொல்ல வேண்டும் என்பது எழுதாத விதி. சில கடைகளில் எழுதியே ஒட்டியிருப்பார்கள். குடிக்காதவர்கள் இதைப் படித்துவிட்டுப் பின்வாங்க வேண்டாம். ஊலாங் டீ ஏறக்குறைய எல்லா இஸகாயாவிலும் கிடைக்கும், அதுவும் ஒரு பானம்தான், யாரும் ஒரு மாதிரியாகப் பார்க்க மாட்டார்கள். அப்புறம், 20 வயது நிரம்பாதவர்களுக்கு மது கிடையாது. 2022-இல் ஜப்பான் வயதுவந்தோர் வயதை 18 ஆகக் குறைத்தபோதும் மதுவுக்கும் புகைக்கும் 20 என்பதை மாற்றவில்லை. கல்லூரிப் பிள்ளைகளோடு போகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சைவக்காரர்கள் செய்யும் தவறு வேறு மாதிரி. கடை வாசலில் நின்று "நோ மீட்" என்று சொன்னால் போதும் என்று நம்பிவிடுகிறார்கள். ஜப்பானிய சமையலின் அடித்தளமே தஷி என்ற சாறு. அதில் கடற்பாசியோடு பெரும்பாலும் கட்சுஓபுஷி சேரும். இலங்கையிலும் நம் தென் கடற்கரையிலும் மாசி என்கிறோமே, அதற்கு நெருங்கிய உறவு. இதுவும் சூரை மீனை வேகவைத்துப் புகையூட்டி உலர்த்தியதுதான். வெந்த முள்ளங்கியிலும் இருக்கும், கீரையிலும் இருக்கும், பொரித்த டோஃபுவைச் சுற்றி நிற்கும் சாறும் அதுவே. குளிர்ந்த டோஃபு பாதுகாப்பு என்று ஆர்டர் செய்தால் மேலே அதே மீன் சீவலைத் தூவிக் கொண்டுவருவார்கள். யாகிதோரி, அதாவது கோழிக் குச்சி சுடும் கடையில் காய்களையும் குச்சியில் குத்திச் சுடுவார்கள். அங்கே "தாரே" என்ற குழம்பு வேண்டாம், "ஷியோ", அதாவது உப்பு, என்று சொல்லுங்கள். கோழிக் குச்சிகள் நாள் முழுக்க முங்கி எழும் பானை அந்தத் தாரேப் பானை. சுடும் கம்பி எல்லாவற்றுக்கும் ஒன்றுதான் என்பதையும் தெரிந்தே முடிவெடுங்கள். எடமாமே என்ற வேகவைத்த பச்சை சோயா பீன்ஸ், மிசோ என்ற சோயா விழுது தொட்டுச் சாப்பிடும் வெள்ளரி, சுட்ட பச்சை மிளகாய், இவை ஓரளவு நம்பலாம். முக்கியமாக, கைடிடம் இதைச் சந்துக்குள் போய்ச் சொல்லாதீர்கள். முன்பதிவிலேயே "மீன் சாறும் கூடாது" என்று எழுதிவிடுங்கள். ஒற்றை ஆள் சமைக்கும் கடையில் கடைசி நிமிடத்தில் மாற்று ஏற்பாடு செய்ய இடமும் இல்லை, கையும் இல்லை.

கேமராவை எடுத்த எடுப்பில் நீட்டுவதை உண்மையாகவே வெறுக்கிறேன். கோல்டன் காயில் சந்துகளிலேயே அனுமதியில்லாமல் படமோ வீடியோவோ எடுக்கக் கூடாது என்று பலகை இருக்கிறது. அந்தச் சந்துகள் தனியார் இடம். கடைக்குள் உங்கள் கிளாஸையும் தட்டையும் எடுப்பதற்கும் ஒரு வார்த்தை கேளுங்கள். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் அலுவலகத்தில் என்ன சொல்லிவிட்டு வந்தாரோ, அவர் முகம் உங்கள் ரீல்ஸில் ஓடுவதை அவர் கேட்கவில்லை.

எத்தனை பேர் கொண்ட குழு என்பதைப் பார்க்காமல் மலிவான டூரைப் பிடிப்பதும் தவறுதான். பன்னிரண்டு பேரை அழைத்துப் போகும் டூர், பன்னிரண்டு பேருக்கு இடமுள்ள பெரிய கடைக்குத்தான் போக முடியும். அதற்குக் கைடே தேவையில்லை. ஆறு பேருக்கு மேல் இல்லாத குழுவாகப் பாருங்கள். எந்தப் பகுதி என்பதையும் யோசியுங்கள். ஷிஞ்ஜுகு மேற்கு வாசலை ஒட்டிய ஒமோய்தே யோகோச்சோ சந்து அழகான இடம்தான், புகை மூட்டமும் குடல் வறுவல் வாசனையுமாக. ஆனால் அங்கேயும் கோல்டன் காயிலும் இப்போது எங்கு பார்த்தாலும் வெளிநாட்டுப் பயணிகள். வடக்கே அகபானேயில் காலையிலேயே திறக்கும் கடைகள் உண்டு, கிச்சிஜோஜியில் ஹார்மோனிகா சந்து இருக்கிறது. அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடவும் வேண்டாம். குடிக் கடைகளுக்குப் பேர்போன தாதெய்ஷியில், ரயில் நிலையத்தின் வடபுறச் சந்து மறுசீரமைப்புக்காக 2023-இல் காலி செய்யப்பட்டது. அந்தச் சந்து இனி இல்லை.

கிளாஸ் வந்ததும் வாயில் வைக்காதீர்கள். எல்லோருக்கும் வந்து, "கன்பாய்", அதாவது சியர்ஸ், சொன்ன பிறகுதான் முதல் மடக்கு. பாட்டிலில் வாங்கினால் அடுத்தவர் கிளாஸை நீங்கள் நிரப்ப வேண்டும், உங்களுடையதை அவர் நிரப்புவார். பழைய பாணிக் கடையாக இருந்தால் ஹொப்பி கேட்டுப் பாருங்கள். 1948-இலிருந்து விற்கப்படும், பீர் சுவையுள்ள, மது மிகக் குறைந்த பானம். ஐஸும் ஷோச்சு சாராயமும் ஊற்றிய கிளாஸ் ஒன்றும் ஹொப்பி பாட்டில் ஒன்றும் தனித்தனியாக வரும்; நீங்களே கலக்க வேண்டும். கிளாஸ் காலியாகி, பாட்டிலில் மிச்சம் இருந்தால் முழு செட்டையும் திரும்பச் சொல்ல வேண்டாம். "நாகா" என்று சொன்னால் ஷோச்சு மட்டும் வரும். பக்கத்து நாற்காலிக்காரர் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார், பேச்சு அங்கிருந்தே தொடங்கும். ஹொப்பி லேசாக இருக்கிறதே என்று வேகம் பிடிக்காதீர்கள், உள்ளே இருப்பது சாராயம்.

டிப்ஸ் வைக்க வேண்டாம். மறந்து போய்விட்டீர்கள் என்று துரத்திக்கொண்டு வந்து கொடுப்பார்கள். கார்டை மட்டும் நம்பவும் வேண்டாம், 1000 யென் நோட்டுகளாகக் கொஞ்சம் கையில் இருக்கட்டும். கிளாஸ் காலியாகி, அடுத்ததும் சொல்லாமல், வாசலில் ஆள் நிற்கிறார்கள் என்றால் எழுந்துவிடுவதே மரியாதை.

டூர் முடிந்ததும் சூடு ஆறாமல் தெருவில் அலைபவர்களை ஷிஞ்ஜுகுவின் கபுகிச்சோ கேளிக்கைப் பகுதியில் ஒரு கூட்டம் எதிர்பார்த்து நிற்கும். நன்றாக ஆங்கிலம் பேசுவார்கள், "ஒரு மணி நேரம் அளவில்லாமல் குடிக்கலாம், 1000 யென்தான்" என்பார்கள். போகவே போகாதீர்கள். தெருவில் நின்று ஆள் பிடிப்பது அங்கே சட்டவிரோதம், ஒலிபெருக்கியிலேயே எச்சரித்துக்கொண்டிருப்பார்கள். உள்ளே போனவர்களிடம் பல மடங்கு பில் நீட்டிய சம்பவங்கள் ஏராளம். நல்ல கடைக்கு ஆள் பிடிக்கும் தேவையே இல்லை. இன்னும் குடிக்கத் தோன்றினால், கைடு பிரியும் முன் அவர் நம்பும் இரண்டு கடைகளின் பெயரை ஜப்பானிய எழுத்தில் எழுதி வாங்கிக்கொண்டு, மறுநாள் மாலை ஆறு மணிக்கே போங்கள். கதவை நகர்த்தி, எத்தனை பேர் என்று விரலால் காட்டிவிட்டு, கடைக்காரர் கை காட்டும் வரை வாசலிலேயே நில்லுங்கள். தலையை ஆட்டி இல்லை என்றால் வருத்தப்படாமல் அடுத்த கடைக்குப் போகலாம்.

கடைசி விஷயம் ரயில். கடைசி வண்டிகள் நள்ளிரவையொட்டிக் கிளம்பிவிடும், முதல் வண்டி காலை ஐந்து மணிவாக்கில்தான். தெருவில் கேனோடு உட்கார்ந்து நேரம் போக்கலாம் என்றால் ஷிபுயா நிலையத்தைச் சுற்றி அதுவும் முடியாது. 2024 அக்டோபரிலிருந்து மாலை 6 முதல் காலை 5 வரை தெருவில் குடிக்கத் தடை. வாடகை சைக்கிளை எடுத்து ஓட்டலுக்குப் போகும் யோசனை அதைவிட மோசம். 2024 நவம்பரிலிருந்து, மூச்சில் குறிப்பிட்ட அளவு மது இருந்தால் சைக்கிள்காரருக்கும் 3 ஆண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் யென் வரை அபராதம். உங்கள் வழித்தடத்தின் கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று முதல் கிளாஸுக்கு முன்னாலேயே பார்த்து, அதற்கு நாற்பது நிமிடம் முன்பு போனில் அலாரம் வைத்துவிடுங்கள். ஷிஞ்ஜுகு நிலையத்தில் சரியான பிளாட்பாரத்தைக் கண்டுபிடிக்க அந்த நேரம் தேவைப்படும்.