பால் ஊற்றிய பிறகு கொதிக்கக் கூடாது

பாஸ்டனுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் எதிர்வீட்டு அம்மா ஒரு கிண்ணம் மட்டி சௌடர், அதாவது மட்டிச் சிப்பியின் சதை போட்ட கெட்டியான சூப், கொடுத்தனுப்பினார். வாசலில் முழங்கால் உயரப் பனி. முதல் வாயிலேயே நெஞ்சுக்குள் சூடு இறங்கியது. அடுத்த வாரமே அவர் அடுப்படியில் நின்று கற்றுக்கொண்டேன்.

நாலு பேருக்கு குவாஹாக் என்கிற கெட்டி ஓட்டு மட்டியில் பெரியதாக 12 போதும். வாய் திறந்திருப்பதைத் தட்டிப் பாருங்கள். மூடிக்கொள்ளாவிட்டால் அது செத்தது, வேண்டாம். ஓட்டைத் தேய்த்துக் கழுவி, 3 கப் தண்ணீரில் மூடிபோட்டு வேகவையுங்கள். பத்து நிமிடத்தில் வாய் திறக்கும். அப்போதும் திறக்காததை எறிந்துவிடுங்கள். வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், ருசி முழுக்க அதில்தான். கொஞ்ச நேரம் தெளியவிட்டு, அடியில் தங்கும் மண் கலங்காமல் மேலாக இறுத்துக்கொள்ளுங்கள். சதையைப் பொடியாக நறுக்கித் தனியே வையுங்கள்.

கனமான பாத்திரத்தில் 100 கிராம் உப்புப் பன்றிக்கொழுப்பைச் சின்னத் துண்டுகளாகப் போட்டுச் சிறு தீயில் உருக்குங்கள். துண்டுகள் பொன்னிறமானதும் தனியே எடுத்து வைத்துவிட்டு, உருகிய அந்தக் கொழுப்பில் ஒரு பெரிய வெங்காயம், இரண்டு செலரித் தண்டு. வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆனால் போதும், சிவக்க வேண்டாம். அரைக் கிலோ உருளைக்கிழங்கைச் சதுரமாக நறுக்கிப் போட்டு, மட்டித் தண்ணீரை ஊற்றி, கொஞ்சம் தைம் என்கிற வாசனை இலை சேர்த்து வேகவிடுங்கள்.

பல கடைகளில் மாவைக் கொட்டிப் பசை மாதிரி ஆக்கிவிடுகிறார்கள். மாவே தேவையில்லை. வெந்த கிழங்கில் கால்வாசியைக் கரண்டியால் பாத்திரத்தின் ஓரத்தில் வைத்து மசியுங்கள்; குழம்பு தானாகக் கெட்டிப்படும்.

இனி தீயைக் குறைத்து, ஒரு கப் பால், ஒரு கப் கிரீம், நறுக்கிய மட்டி. ஓரத்தில் ஆவி பறக்க வேண்டும், குமிழி வரக் கூடாது. முதல் தடவை நான் போன் பேசிக்கொண்டே கொதிக்கவிட்டேன். பால் திரிந்து, மட்டி ரப்பராகிவிட்டது. உப்பைக் கடைசியில் ருசி பார்த்துப் போடுங்கள், மட்டியிலும் கொழுப்பிலும் ஏற்கெனவே இருக்கிறது.

1751-இல் பாஸ்டன் பத்திரிகை ஒன்றில் வந்த சௌடர் குறிப்பில் பாலும் இல்லை, உருளைக்கிழங்கும் இல்லை. வெங்காயம், பன்றிக்கொழுப்பு, மீன், பிஸ்கட் என்று அடுக்கடுக்காக வைக்கச் சொல்கிறது. கிளற முடியாதாம், அதனால் கொழுப்பு கருகாமல் இருக்க வெங்காயம் அடியில். எனக்கு மிகவும் பிடித்த விவரம் இது. ரோட் ஐலண்டில் இன்றும் பால் சேர்க்காமல் தெளிவாகச் செய்கிறார்கள். மன்ஹாட்டன் சௌடரில் தக்காளி. 1939-இல் மெய்ன் மாநிலச் சட்டசபை உறுப்பினர் ஒருவர் சௌடரில் தக்காளி போடுவதைத் தடைசெய்யவே மசோதா கொண்டுவந்தார்! மட்டி கிடைக்காவிட்டால் ஹேடக் என்கிற வெள்ளைச் சதைக் கடல்மீனில் செய்யலாம். அசைவம் வேண்டாம் என்றால் சோளம். முத்து உதிர்த்த கதிர்த்தண்டை வேகவைத்த தண்ணீரையே மட்டித் தண்ணீருக்குப் பதிலாக ஊற்றி, கொழுப்புக்கு வெண்ணெய் போடுங்கள்.

இறக்கியதும் பரிமாறாதீர்கள். அரை மணி நேரம் மூடி வைத்து, மறுபடி மெல்லச் சூடாக்கி, பொரிந்த கொழுப்புத் துண்டுகளை மேலே தூவி, ஆய்ஸ்டர் கிராக்கர் என்கிற குட்டி உப்பு பிஸ்கட்டோடு கொடுங்கள். கிராக்கரை முன்னாலேயே போட்டால் ஊறிவிடும், அவரவர் கையால் போட்டுக்கொள்ளட்டும்.