வீட்டில் எல்லோரும் கெட்டிக்காரர்கள், நான் மட்டும் சாதாரணமா?

அக்கா மேடையில் பாடுவாள், தம்பி கணக்கில் புலி. வருகிற விருந்தாளி உங்கள் பக்கம் திரும்பி "சரி, நீ என்ன பண்ற?" என்று கேட்டதும் தொண்டை அடைத்துக்கொள்ளும். அதற்கு ஒரு பதிலை இப்போதே தயார் செய்துகொள்ளுங்கள்: இந்த மாதம் எதைக் கற்றுக்கொண்டிருக்கிறீர்கள் என்று ஒரே வரியில், மன்னிப்புக் கேட்கிற குரல் இல்லாமல்.

மனிதர்கள் தங்களைப் போன்றவர்களோடுதான் தங்களை ஒப்பிட்டு எடை போடுகிறார்கள் என்று உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954இல் எழுதினார். ஒரே வீடு, ஒரே பெற்றோர், அதனால் கூடப்பிறந்தவர்களே நமக்கு அளவுகோலாகிவிடுகிறார்கள், வெளியே போனால் அந்த அளவு யாருக்குமே பொருந்தாது என்பது வீட்டுக்குள் இருக்கும்வரை தெரிவதேயில்லை. அதனால் உங்கள் குடும்பத்தை யாருக்கும் தெரியாத ஓர் இடத்தில் எதையாவது தொடங்குங்கள், நீச்சலோ தச்சு வேலையோ. ஆறு மாதம் வீட்டில் காட்டவே வேண்டாம்.

அம்மா அப்பாவிடம் நேராகச் சொல்லுங்கள்: "அவளைப் பாராட்டுங்க, என்னைப் பக்கத்தில் நிறுத்திப் பாராட்டாதீங்க." கோபத்தில் வேண்டாம், சாதாரணமான ஒரு மாலையில்.

அப்புறம் அக்காவிடமும் ஒருமுறை மனம்விட்டுப் பேசுங்கள். மேடை ஏறும் முன் என் அக்காவின் கையைப் பிடித்தபோதுதான் அது சில்லிட்டு நடுங்குவது எனக்குத் தெரிந்தது.