ஆட்டோமேட்டிக் மஸில் காருக்கு எந்தப் பின் ஆக்சில் ரேஷியோ? ரோட் ரன்னரை வைத்து ஒரு கணக்கு

பழைய மஸில் கார் (பெரிய இன்ஜின் போட்ட அமெரிக்க வண்டி) வைத்திருப்பவர்களிடம் இன்ஜினுக்கு அடுத்தபடியாக எல்லோரும் கேட்பது, "பின்னாடி என்ன கியர்?" பின் ஆக்சிலின் பல் விகிதத்தைத்தான் கேட்கிறார்கள். 4.10 என்று சொன்னால் தனி மரியாதை. 3.23 என்றால் ஒரு பரிதாபப் பார்வை. அந்தப் பார்வைக்குப் பயந்து 3.91 போட்டவன் நான். ஓவர்டிரைவ் (ஹைவேயில் இன்ஜின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்) இல்லாத ஆட்டோமேட்டிக் வண்டி அது. ஹைவேயில் ஒரு மணி நேரம் ஓட்டி இறங்கினாலும் காதுக்குள் இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். அடுத்த வருஷம் பிரித்து 3.55 மாட்டினேன். ஒரே வேலைக்கு இரண்டு செலவு.

அந்தச் செலவு உங்களுக்கு வேண்டாம். 1969 பிளிமத் ரோட் ரன்னரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம்: 383 கன அங்குல வி8, 335 குதிரைசக்தி, மூன்று கியர் 727 டார்க்ஃப்ளைட் ஆட்டோமேட்டிக், பின்னால் 8¾ அங்குல ஆக்சில். உங்களிடம் இருப்பது செவெல் ஆனாலும் மஸ்டாங் ஆனாலும் கணக்கு இதேதான், எண்கள்தான் மாறும்.

3.55 என்றால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் (கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் தண்டு) 3.55 சுற்று சுற்றும்போது சக்கரம் ஒரு சுற்று வரும். ஷாஃப்ட் சுற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனில் 11 பல், அது சுற்றும் பெரிய பல்சக்கரமான கிரவுனில் 39 பல். வகுத்தால் அந்த எண். எண் கூடக்கூட பிக்கப் கூடும், அதே வேகத்துக்கு இன்ஜின் அதிகமாகச் சுற்றும்.

படி 1: இப்போது என்ன இருக்கிறது?

ஆக்சிலில் தொங்கும், ரேஷியோ பொறித்த தகட்டை நம்பாதீர்கள். ஐம்பது வருஷத்தில் எத்தனை பேர் கை வைத்திருப்பார்களோ! முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்பக்கம் இரண்டையும் ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். கியர் நியூட்ரலில் இருக்கட்டும். ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். மற்றதும் அதே திசையில் சுற்றினால் லிமிடெட் ஸ்லிப், அதாவது ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல் (இரண்டு பின் சக்கரங்களுக்கும் விசையைப் பிரிக்கும் பாகம்). ஷாஃப்டில் சாக்பீஸால் ஒரு கோடு, டயரில் ஒரு கோடு போட்டு, டயரைச் சரியாக ஒரு சுற்று சுற்றி, ஷாஃப்ட் எத்தனை சுற்று வருகிறது என்று எண்ணுங்கள். மூன்றேகால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாக வந்தால் 3.23, மூன்றரையைக் கொஞ்சம் தாண்டினால் 3.55.

எதிர்த்திசையில் சுற்றினால் சாதாரண டிஃபரன்ஷியல். அப்போது ஒரு சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு, மற்றதை இரண்டு சுற்று சுற்ற வேண்டும். ஒரே சுற்றோடு நிறுத்தினால் பாதி எண்தான் வரும்.

படி 2: டயர் உயரம்

டயரிலும் தரையிலும் கோடு போட்டு, காரை டயர் ஒரு முழுச் சுற்று வரும்வரை தள்ளி, நகர்ந்த தூரத்தை அங்குலத்தில் அளந்து 3.14ஆல் வகுத்துவிடுங்கள். அந்தக் காலத்து எஃப்70-14 டயருக்கு ஏறக்குறைய 26 அங்குலம் வரும். இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள்: 26 இருந்த இடத்தில் 28 அங்குல டயர் போட்டால், உங்கள் 3.55 நடைமுறையில் 3.30 ஆகிவிடும். பிக்கப் போய்விட்டது என்று புலம்பும் பலருக்கு ஆக்சிலில் குறையே இருக்காது, பெரிய டயர்தான் காரணம்.

படி 3: ஹைவேயில் இன்ஜின் எத்தனை சுற்று?

மணிக்கு எத்தனை மைலோ அதை ரேஷியோவாலும் 336ஆலும் பெருக்கி, டயர் உயரத்தால் வகுங்கள். (மைலை அங்குலமாக்கி, மணியை நிமிடமாக்கி, வட்டக் கணக்கையும் முடித்துவைத்த எண்தான் 336.) டார்க்ஃப்ளைட்டின் மூன்றாவது கியர் 1.00 என்பதால் வேறு எதையும் பெருக்க வேண்டாம். 70 மைல் வேகத்தில், 26 அங்குல டயரோடு:

2.76: ஏறக்குறைய 2,500 ஆர்பிஎம்
3.23: 2,920
3.55: 3,210
3.91: 3,540

இது காகிதக் கணக்கு. ஆட்டோமேட்டிக்கில் கிளட்ச்சுக்குப் பதிலாக, ஆயில் வழியாக இன்ஜின் விசையைக் கியர்பாக்ஸுக்குக் கடத்துவது டார்க் கன்வர்ட்டர். அந்தக் காலத்து கன்வர்ட்டரில் லாக்கப் (வழுக்காமல் பூட்டிக்கொள்ளும் வசதி) கிடையாது. டார்க்ஃப்ளைட்டுக்கு அது வந்ததே 1978 மாடலில்தான். கன்வர்ட்டர் வழுக்குவதால் நிஜத்தில் ஒன்றிரண்டு நூறு சுற்று கூடவே ஓடும். வாங்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். புது ரேஷியோவில் 70க்கு வரும் ஆர்பிஎம் இப்போதைய ஆக்சிலில் எந்த வேகத்தில் வருகிறதோ, அந்த வேகத்திலேயே அரை மணி நேரம் ஓட்டுங்கள். 3.23இல் 77 மைல் போனால் 3.55இன் 70 மைல் சத்தம் கேட்டுவிடும். 3.91க்கு 85 வரும். அதை ரோட்டில் முயற்சி செய்ய வேண்டாம். இரண்டாவது கியரில் வைத்து அதே ஆர்பிஎம்மைக் கேட்டாலே புரிந்துவிடும்.

படி 4: மேனுவல்காரர் பேச்சைக் கேட்காதீர்கள்

நான் சறுக்கியது இங்கேதான். நான்கு கியர் மேனுவல் வைத்திருந்த நண்பர் 3.91 சொன்னார், கேட்டேன். அவருக்கு அது சரி. அவர் கிளட்ச்சை விட்டதும் கிடைப்பது பல்சக்கரங்கள் தரும் பெருக்கம் மட்டும்: முதல் கியர் 2.66, அதை உதாரணத்துக்கு 3.55ஓடு பெருக்கினால் 9.4. என் ஆட்டோமேட்டிக்கில் முதல் கியர் 2.45, ஒரு படி குறைந்த 3.23ஓடு பெருக்கினால் 7.9தான். பார்த்தால் குறைவு. ஆனால் வண்டி நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது டார்க் கன்வர்ட்டர் இன்ஜினின் முறுக்குவிசையை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கிக் கொடுக்கிறது. வேகம் ஏறஏற அது குறைந்துகொண்டே போய் ஒன்றுக்கு வந்துவிடும். சிக்னலில் கிளம்பத் தேவையான உதவி, ஆட்டோமேட்டிக்காரருக்கு ஏற்கெனவே கியர்பாக்ஸுக்கு முன்னாலேயே உட்கார்ந்திருக்கிறது. அதனால் மேனுவல் வண்டிக்குச் சொல்லும் ரேஷியோவிலிருந்து ஒரு படி இறங்கியே யோசியுங்கள்.

ஹை ஸ்டால் கன்வர்ட்டர் போட்டிருந்தால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். (ஸ்டால் என்பது வண்டி நகராமல் நிற்கும்போது இன்ஜின் எட்டக்கூடிய உச்ச ஆர்பிஎம்.) ஸ்டால் 2,800 ஆக இருக்க, ஹைவேயில் 2,500 சுற்றில் ஓட்டினால் கன்வர்ட்டர் ஓயாமல் வழுக்கி ஆயிலைச் சூடாக்கும். ரேஷியோவும் கன்வர்ட்டரும் ஜோடியாகப் பொருந்த வேண்டும். எப்படியும் ஒரு ஆயில் கூலர் போட்டுவிடுவது நல்லது.

படி 5: முடிவெடுப்பது

தொலைதூரப் பயணம்தான் அதிகம் என்றால் 2.76 அல்லது 3.23. ஊருக்குள் குஷியாகவும் ஓட வேண்டும், எப்போதாவது ஹைவேயும் உண்டு என்றால் 3.55. என் ஓட்டு இதற்குத்தான். 3.91உம் அதற்கு மேலும் கால் மைல் பந்தயத்துக்கு, அல்லது ஓவர்டிரைவ் கியர்பாக்ஸ் போடுகிறவர்களுக்கு. கடைசி கியர் 0.69 ஆக இருந்தால் 3.91 ஹைவேயில் 2.70 போல நடந்துகொள்ளும். ஆனால் பல பழைய கார்களில் அதற்காகத் தரைத்தகட்டை வெட்ட வேண்டி வரும்.

படி 6: பொருத்தம் பார்த்து வாங்குங்கள்

8¾ ஆக்சிலின் நடுப்பகுதி மொத்தமாக முன்பக்கம் கழன்று வரும். அமெரிக்க மெக்கானிக்குகள் அதைப் பூசணிக்காய் என்பார்கள், உருவம் அப்படி. அதன் வார்ப்பு எண்ணின் கடைசி மூன்று இலக்கம் 741, 742, 489 இவற்றில் எது என்று பாருங்கள். மூன்றுக்கும் பினியன் தண்டின் தடிமன் வேறு. ஒன்றின் கியர் மற்றொன்றில் உட்காராது. செவர்லே 12 போல்ட் ஆக்சிலில் வேறொரு கண்ணி: 3.73 போகும் கேரியரில் (கிரவுனைத் தாங்கும் கூடு) வழக்கமான 4.10 போகாது, கேரியரை மாற்ற வேண்டும், இல்லையென்றால் அதற்கென்றே வரும் தடித்த கியர் வாங்க வேண்டும்.

பேக்லாஷ் (பற்களுக்கு நடுவே விடும் இடைவெளி), ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு), பல் படியும் தடம் இதெல்லாம் முதல் தடவையில் நீங்களே செய்யும் வேலை இல்லை. தெரிந்தவரிடம் கொடுங்கள், இல்லையென்றால் ஆக்சில் ஊளையிடும்.

மாட்டிய பிறகு

ஜிஎல்-5 தரக் கியர் ஆயில், கிளட்ச் வகை லிமிடெட் ஸ்லிப்பானால் கூடவே ஃப்ரிக்ஷன் மாடிஃபையர் (கிளட்ச் தட்டுகள் உரசுவதைச் சீராக்க ஆயிலில் கலப்பது). முதல் ஓட்டம் இருபது நிமிடம், மெதுவாக. அப்புறம் முழுக்க ஆறவிட்டு மறுபடி ஓட்டுங்கள். 500 மைலில் ஆயிலை மாற்றுங்கள். வடியும் ஆயிலில் மினுமினுப்பாகக் கொஞ்சம் தூள் இருந்தால் பரவாயில்லை. துண்டு வந்தால் வண்டியை நிறுத்துங்கள்.

ஸ்பீடாமீட்டரை மறந்துவிடாதீர்கள். 3.23இலிருந்து 3.55க்குப் போனால் முள் 10 சதவீதம் கூடுதலாகக் காட்டும். கியர்பாக்ஸின் வால் பகுதியில் கேபிள் நுழையும் இடத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் பல்சக்கரம் இருக்கும். பல் எண்ணிக்கை கூடியதை வாங்கி மாற்றினால் சரியாகிவிடும். அதன் கூட்டில் சக்கரம் நடுவில் இல்லாமல் சற்று விலகி உட்காரும். பல் எண்ணிக்கைக்கு ஏற்ற குறி கீழே வரும்படி திருப்பிப் பொருத்த வேண்டும், இல்லாவிட்டால் புது சக்கரத்தின் பல்லையும் அது தின்றுவிடும்.