மாந்தோப்பு வாட்ஸ்அப் குழுவில் சண்டையில்லாமல் மறுத்துப் பேச

கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளிக்குப் பக்கத்தில் சந்தூரில் மாங்கன்று நர்சரி வைத்திருக்கிறேன். மா விவசாயிகள், என்னைப் போன்ற நர்சரிக்காரர்கள், மருந்துக் கடைக்காரர்கள், பழக்கூழ் ஆலைக்குக் காய் எடுப்பவர்கள், ஓய்வு பெற்ற தோட்டக்கலை அலுவலர்கள் என்று பலரும் இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழுவுக்கு நான்தான் அட்மின். குட் மார்னிங் படங்களை அழிப்பதுதான் அட்மின் வேலை என்று நினைக்கிறார்கள். அது காலை வேலை. தோப்பிலிருந்து வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட்டுவிட்டு எல்லோரும் போனை எடுக்கும் நேரத்தில்தான் அசல் வேலை ஆரம்பிக்கும்.

குழுவில் நடக்கும் சண்டைகளில் பெரும்பாலானவை கருத்துச் சண்டையே இல்லை. ஒருவர் தன் தோப்பைப் பற்றிப் பேசுவார், இன்னொருவர் தன் தோப்பைப் பற்றிப் பேசுவார், இரண்டும் ஒரே தோப்பு என்று இருவரும் நினைத்துக்கொண்டிருப்பார்கள். அதனால் மறுப்பதற்கு முன்னால் விவரம் கேளுங்கள். என்ன ரகம், மரத்துக்கு என்ன வயசு, பாசனமா மானாவாரியா, எந்த ஊர், எந்த மாதம் செய்தீர்கள். பெங்களூரா (கிளிமூக்கு) ரகத்துக்குச் செய்தது அல்போன்சாவுக்கு அப்படியே பொருந்தாது. ஓசூர்க் குளிருக்கும் ஊத்தங்கரை வெயிலுக்கும் ஒரே தேதியில் பூ வராது. இந்த ஐந்து கேள்விக்கும் பதில் வந்து சேர்வதற்குள் பாதி மறுப்பு தானாகக் காணாமல் போய்விடும்.

எங்கள் குழுவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பூ எடுப்பதற்குப் பாக்லோபியூட்ரசால் என்ற மருந்தை மரத்துக்கு எவ்வளவு ஊற்றுவது என்று யாரோ கேட்டார். "மரத்துக்கு 10 கிராம், செப்டம்பர் முதல் பாதியில்" என்று ஒரு விவசாயி போட்டார். "40 மில்லிக்குக் குறைச்சு ஊத்தினா பூ வராது" என்று ஒரு கடைக்காரர் போட்டார். அவ்வளவுதான். "கடைக்காரர் அதிகமா ஊத்தத்தானே சொல்வாரு" என்று இவர் எழுத, "யூடியூப் பார்த்துட்டு விவசாயம் பண்ற ஆளுங்க" என்று அவர் எழுத, ராத்திரி பதினொரு மணி வரை நடந்தது. கடைசியில் ஓய்வு பெற்ற அலுவலர் ஒருவர் வந்து, "ரெண்டும் ஒண்ணுதாங்க" என்றார். வேளாண் பல்கலைக்கழகச் சிபாரிசு 10 கிராம் என்பது மூலப்பொருள் கணக்கு, அதாவது பாட்டிலில் உண்மையில் வேலை செய்யும் மருந்து மட்டும். கடையில் கிடைக்கும் திரவத்தில் மூலப்பொருள் 23 சதவீதம் என்று லேபிளிலேயே போட்டிருக்கும். 10 கிராம் மூலப்பொருள் வேண்டுமென்றால் 40 மில்லி சொச்சம் ஊற்ற வேண்டும். இரண்டு பேரும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். "நீங்க சொல்றது மூலப்பொருளா, பாட்டில் மருந்தாண்ணா?" என்று ஒரே ஒரு கேள்வி வந்திருந்தால் போதும். அளவு தெளிந்துவிட்டது, ஆனால் அந்த யூடியூப் பேச்சு மட்டும் இன்னும் தெளியவில்லை. அந்தக் கடையில் அந்த விவசாயி இப்போது மருந்து வாங்குவதில்லை.

விவரம் கேட்ட பிறகும் ஒத்துப்போகவில்லை என்றால் தாராளமாக மறுங்கள். ஆனால் மறுப்பில் உங்கள் ஊரும் உங்கள் மரமும் இருக்கட்டும். "அது தப்பு" என்று எழுதினால் எதிராளி தன் மானத்தைக் காப்பாற்றத்தான் பதில் எழுதுவார். "பர்கூர் பக்கம் எங்களுக்கு அது எடுபடலைண்ணா, நீங்க எத்தனை வருஷ மரத்துல செஞ்சீங்க?" என்று எழுதினால் மரத்தைப் பற்றிப் பதில் வரும். மறுப்பின் காரம் இதில் கொஞ்சமும் குறையவில்லை, கவனியுங்கள். இதற்கு நேர்மாறாக, "ஐயா எல்லாம் தெரிஞ்சவங்க, நாங்கல்லாம் சின்னப் பசங்க" என்று எழுதிக் கூடவே ஒரு கும்பிடு பொம்மையும் போடுவார்கள் சிலர். நேராகத் திட்டியிருந்தால்கூட அதைவிடத் தேவலை.

குரல் செய்தியில் சண்டை வேண்டாம். கோபத்தில் பேசியதைத் திரும்பக் கேட்டுப் பார்த்து அனுப்புகிறவர் யாரும் இல்லை. எழுதினால் அனுப்புவதற்கு முன் ஒருமுறையாவது கண்ணில் படும். அனுப்பிய பிறகும் 15 நிமிஷம் வரை திருத்த வாட்ஸ்அப் இடம் கொடுக்கிறது. ஆனால் யாராவது பதில் போட்டுவிட்டால் பழையதைத் திருத்தாதீர்கள், பதில் போட்டவர் சம்பந்தமில்லாமல் உளறியது போல ஆகிவிடும். கீழே புதிதாக ஒரு செய்தி போட்டுவிடுங்கள். குரல் செய்தி வந்தால் முழுக்கக் கேளுங்கள். நம் ஆட்கள் முதல் ஒரு நிமிஷம் குசலம் விசாரித்துவிட்டுக் கடைசி பத்து விநாடியில்தான் விஷயத்தைச் சொல்வார்கள். இன்னொன்று, வேப்பனப்பள்ளி, சூளகிரி பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள் நிறைய. அவர்கள் தமிழில் எழுதும்போது வாக்கியம் வெடுக்கென்று நிற்கலாம். அதைத் திமிர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

பெரியவர் ஒருவர் தப்பாகச் சொல்லிவிட்டால் குழுவில் திருத்துவதா, தனியாகச் சொல்வதா? நான் வைத்திருக்கும் கணக்கு இதுதான்: அந்தத் தப்பை நாளைக் காலையில் யாராவது செய்துவிட்டால் பயிருக்கோ உடம்புக்கோ கேடு வருமா? வராது என்றால் தனியாகப் போன் போடுங்கள். அவரே வந்து திருத்திக்கொள்ளட்டும். வரும் என்றால் வயசு, உறவு எதையும் பார்க்காமல் அங்கேயே, அப்போதே மறுங்கள். ஒரு சீசனில், கார்பைடு கல் வைத்துக் காயைச் சீக்கிரம் பழுக்க வைக்கும் வழி என்று ஒரு செய்தியை மூத்தவர் ஒருவர் தள்ளிவிட்டார். உடனே நான் போட்டது: "இந்தச் செய்தியில் இருப்பதை யாரும் செய்ய வேண்டாம். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 2011 விதிமுறைப்படி கார்பைடு தடை. எத்திலீன் வாயு 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் நூறு பங்கு) வரை அனுமதி உண்டு, பழுக்க வைக்கும் அறை வைத்திருப்பவர்கள் முறையைச் சொல்லுங்கள்." அதில் அவர் பெயரே இல்லை. அடுத்த நிமிஷம் அவருக்குப் போன் போட்டேன். அவர் அதை முழுசாகப் படிக்காமலே அனுப்பியிருந்தார்.

விலைச் சண்டை வேறு ரகம். ஜூன், ஜூலையில் பெங்களூரா அறுப்பு நேரத்தில் குழு கொதிக்கும். 2025 ஜூனில் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் வெளிமாநிலப் பெங்களூராக் காய்க்குத் தடை போட்டார்கள். அங்கே விவசாயிக்குக் கிலோவுக்கு ஆலை 8 ரூபாய், அரசு 4 ரூபாய், ஆக 12 என்று செய்தி வந்ததும் எங்கள் பக்கம் ஆலைக்குக் காய் எடுப்பவர்களைக் குழுவில் சுற்றி வளைத்துவிட்டார்கள். மரியாதை என்ற பெயரில் நஷ்டப்பட்டவர் வாயை அடைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. காய் பறித்த கூலிக்கே விலை கட்டாதவர் கொஞ்சம் சத்தமாகத்தான் பேசுவார், பேசட்டும். நான் கேட்பது ரெண்டே ரெண்டு: எந்தத் தேதி, எந்த இடத்தில் என்ன விலை என்று பில் படத்தோடு போடுங்கள், பெயரை மட்டும் மறைத்துவிடுங்கள். "ஆலைக்காரன் எல்லாம் திருடன்" என்று எழுதாதீர்கள். குழுவில் இருப்பவர் மாதச் சம்பளத்துக்குக் காய் எடை போடுகிறவர், விலையை அவரா வைக்கிறார்?

கை மீறிப் போனால் அட்மின் மட்டும் செய்தி போடும்படி குழுவைப் பூட்டிவிடலாம். பூட்டும்போது ஏன் பூட்டுகிறோம், எப்போது திறப்போம் என்று ஒரு வரி எழுதுங்கள். எழுதாவிட்டால் நீங்கள் ஒரு கட்சி என்று பேச்சு வரும். ஒரு செய்தியை அழித்தாலும் அப்படித்தான். சில அட்மின்கள் கேஸ் வரும் என்று பயந்து, காரமான மறுப்பு எதைப் பார்த்தாலும் அழித்துவிடுகிறார்கள். உறுப்பினர் போட்ட பதிவுக்கு, அட்மின் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவரைப் பொறுப்பாக்க முடியாது என்று கேரள உயர்நீதிமன்றம் 2022-ல் சொல்லியிருக்கிறது. அதனால் வசவை அழியுங்கள், மறுப்பை விட்டுவிடுங்கள்.

என்ன செய்தாலும் தீராத வழக்கு சில உண்டு. எங்கள் நர்சரிக்காரர்களுக்குள், ஒட்டுக்கன்று கட்டுவதில் நெருக்கு ஒட்டா (தாய்மரக் கிளையோடு கன்றைச் சேர்த்துக் கட்டுவது), மென்தண்டு ஒட்டா (கன்றின் இளந்தண்டில் வெட்டிய குச்சியைச் செருகிக் கட்டுவது) என்பது அப்படி ஒன்று. நான் மென்தண்டுக் கட்சி. இதற்கெல்லாம் எழுதி எழுதி மாளாது. ஆளுக்கு ஒரு வரிசை கன்று கட்டி, தேதியோடு படம் போட்டு, அடுத்த மழைக்காலம் முடிந்ததும் எத்தனை பிழைத்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதுவரை குழுவில் அந்தப் பேச்சுக்கு லீவு. நோய், பூச்சி விஷயமாக இருந்தால் அவ்வளவு காலம் காத்திருக்க முடியாது. இலையை ஒரு கவரில் போட்டுக்கொண்டு காவேரிப்பட்டினம் பக்கம் பையூர் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போய்க் கேளுங்கள். ரெண்டு பேரும் ஒரே வண்டியில் போங்கள். தனித்தனியாகப் போனால் தனக்குச் சாதகமான பாதியை மட்டும் கேட்டுக்கொண்டு வந்து, ராத்திரி குழுவில் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள்.