ஜப்பானில் நல்ல சாப்பாட்டுக் கடையைக் கண்டுபிடிப்பது எப்படி?

முதல்முறை ஜப்பான் போனபோது, டோக்கியோவில் 'கட்டாயம் சாப்பிட வேண்டிய' நாற்பது கடைகளை வரைபடத்தில் குறித்துக்கொண்டு கிளம்பினேன். பல மரம் கண்ட தச்சன் கதைதான். நான்கு நாளில் மூன்று கடைக்குத்தான் போக முடிந்தது. அதிலும் இரண்டில் முன்பதிவு இல்லை என்று வாசலோடு அனுப்பிவிட்டார்கள். வயிறும் மனமும் நிறையச் சாப்பிட்டதெல்லாம் பட்டியலில் இல்லாத சின்னக் கடைகளில். அவற்றைக் கண்டுபிடிக்கும் வழியைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: கடையைத் தேடாதீர்கள், பண்டத்தைத் தேடுங்கள்

ஜப்பானில் நல்ல கடை பெரும்பாலும் ஒரே ஒரு பண்டத்தைத்தான் செய்யும். உதோன் (தடித்த கோதுமை நூடுல்ஸ்) கடை என்றால் உதோன். விலாங்கு மீன் கடை என்றால் விலாங்கு மட்டும். சூஷி, ராமென் என்ற நூடுல்ஸ் சூப், பொரித்த கோழி எல்லாம் ஒரே மெனுவில் படத்தோடு இருந்தால், அது சுற்றுலாப் பயணிகளுக்கென்றே போட்ட கடையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

அதனால் இன்று என்ன சாப்பிடப் போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அதையும் ஊரைப் பார்த்து முடிவு செய்வது நல்லது. ஃபுகுவோகா போனால் பன்றி எலும்பைக் கொதிக்கவைத்த வெள்ளைக் குழம்பில் வரும் ஹகாட்டா ராமென். நூடுல்ஸ் தீர்ந்ததும் 'காயேதாமா' என்றால், மிச்சமிருக்கும் குழம்பிலேயே இன்னொரு பிடி போடுவார்கள். ககாவா மாநிலம் என்றால் சனுக்கி உதோன். சப்போரோவில் மிசோ என்ற சோயா விழுது சேர்த்த ராமென். ஒகோனோமியாக்கி என்ற முட்டைக்கோஸ் அடையில் ஊருக்கு ஊர் சண்டையே உண்டு: ஒசாகாவில் முட்டைக்கோஸை மாவோடு கலந்து தோசைக்கல் போன்ற இரும்புத் தகட்டில் ஊற்றுவார்கள், ஹிரோஷிமாவில் அடுக்கடுக்காக வைத்து நடுவில் நூடுல்ஸும் சேர்ப்பார்கள். என் ஓட்டு ஹிரோஷிமாவுக்கு.

படி 2: மணி பாருங்கள்

சின்னக் கடைகள் மதியம் 11:30-க்குத் திறந்து 2 மணி சுமாருக்கு மூடிவிடும். பிறகு மாலை 5 மணிக்குமேல்தான். நான் 2:45-க்கு ஒரு சந்து முழுக்க நடந்து, எல்லாக் கதவும் சாத்தியிருந்ததைப் பார்த்துப் பட்டினியோடு திரும்பியிருக்கிறேன். திறந்திருக்கும் கடையின் வாசலில் நோரென் என்ற துணித் திரை தொங்கும்; அதை உள்ளே எடுத்துவிட்டால் வியாபாரம் முடிந்தது என்று அர்த்தம். பணம் மிச்சமாக வேண்டுமென்றால் மதியம்தான் நேரம். இரவில் விலை எகிறும் கடைகள்கூட, மதியத்தில் சோறு, சூப், ஊறுகாயோடு 'தெய்ஷோகு' என்ற சாப்பாட்டை 1,000 யென்னை ஒட்டிய விலைக்குத் தருவதுண்டு.

படி 3: மதிப்பெண்ணைப் படிக்கப் பழகுங்கள்

உள்ளூர்க்காரர்கள் பார்ப்பது தபேலோகு என்ற தளத்தை. அங்கே மதிப்பெண் போடுவதில் ரொம்பக் கறார். 5-க்கு 3.5 வாங்கியிருந்தால் அது மிக நல்ல கடை. 3.2 என்று இருப்பதைப் பார்த்து 'சுமார்' என்று தள்ளிவிடாதீர்கள். நான் சாப்பிட்ட நல்ல கடைகள் பல அந்த வரம்பில்தான் இருந்தன.

படி 4: டோக்கன் இயந்திரம்

பல ராமென் கடைகளில் வாசலிலேயே ஓர் இயந்திரம் நிற்கும். பணத்தைப் போட்டு, பொத்தானை அழுத்தி, வரும் சீட்டை உள்ளே கொடுக்க வேண்டும். நான் முதல்முறை பின்னால் நின்ற வரிசையைப் பார்த்துப் பதறி ஏதோ ஒன்றை அழுத்தினேன். வந்தது வெறும் அவித்த முட்டைக்கான சீட்டு. அப்புறம்தான் ஒரு நண்பர் சொன்னார்: பெரும்பாலும் இடது மேல் மூலையில் இருக்கும் பொத்தான்தான் அந்தக் கடையின் பேர்போன பண்டம். குழம்பினால் அதை அழுத்துங்கள். பழைய இயந்திரங்கள் பல, நோட்டுகளில் 1,000 யென்னை மட்டும்தான் வாங்கும், அட்டை செல்லாது. ஆகவே சில்லறை நோட்டு கையில் இருக்கட்டும்.

படி 5: சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ஜப்பானியச் சமையலின் அடித்தளம் தாஷி என்ற சாறு. உலர்த்திச் சீவிய கட்சுவோ மீனையும் கொம்பு என்ற கடற்பாசியையும் வைத்து அதைத் தயாரிப்பார்கள். மிசோ சூப், உதோன் குழம்பு, வேகவைத்த காய்கறி, தெம்புரா (மாவில் தோய்த்துப் பொரித்தது) தொட்டுக்கொள்ளும் சாறு என எல்லாவற்றிலும் அது இருக்கும். 'மீன் வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் துண்டு மீனை எடுத்துவிடுவார்கள், சாறு அப்படியே இருக்கும். அவர்கள் ஏமாற்றவில்லை, சாற்றை மீனாகவே அவர்கள் எண்ணுவதில்லை. அதனால் 'கட்சுவோ தாஷி மோ தபேமாசென்', அதாவது கட்சுவோ சாறும் சாப்பிடமாட்டேன் என்று சேர்த்துச் சொல்லுங்கள். சொல்ல வராவிட்டால் கைபேசியில் ஜப்பானிய மொழியில் எழுதிக் காட்டுங்கள்.

முழுச் சைவம் வேண்டுமென்றால் 'ஷோஜின் ரியோரி' என்று தேடுங்கள். புத்த மடங்களின் சமையல் அது. சாறுகூடக் கொம்பு, ஷீட்டாக்கே காளான் இவற்றிலிருந்துதான். பூண்டு வெங்காயமும் கிடையாது. வகாயாமா மாநிலத்து கோயாசான் மலையில் மடத்திலேயே தங்கி அதைச் சாப்பிடலாம்.

படி 6: எதுவுமே அமையாத நாளில்

பெரிய டிபார்ட்மென்ட் ஸ்டோர் எதையாவது கண்டுபிடித்து அடித்தளத்துக்கு இறங்குங்கள். 'தெபாச்சிகா' என்பார்கள். பெட்டிச் சாப்பாடு, பொரியல் வகை, இனிப்பு என்று மாடிக்கொரு மணமாக இல்லாமல் எல்லாம் ஒரே தளத்தில். கடை சாத்தும் நேரம் நெருங்கும்போது பல பெட்டிகளில் தள்ளுபடி ஸ்டிக்கர் ஒட்டத் தொடங்குவார்கள்; கூட்டம் அதற்காகவே சுற்றிக்கொண்டிருக்கும். நானும் சுற்றியிருக்கிறேன், வெட்கமில்லை.

இரவில் இஸகாயா என்ற மதுக்கடைக்குப் போனால், கேட்காமலே ஒரு சின்னக் கிண்ணத்தில் ஏதோ வரும். அது ஓசி இல்லை, 'ஓதோஷி' என்று பில்லில் ஏறும். இருக்கைக் கட்டணம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 7: கிளம்பும்போது

வெளியே வரிசை நின்றால் சாப்பிட்டதும் எழுந்துவிடுங்கள், கதை பேசிக்கொண்டு உட்காராதீர்கள். கவுன்டர் கடை என்றால் கிண்ணத்தை மேல் தட்டில் தூக்கி வைக்கலாம். டிப்ஸ் வைக்காதீர்கள், மறந்துவிட்டுப் போகிறீர்கள் என்று நினைத்து காசை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடிவருவார்கள். கதவைத் திறக்கும்போது 'கோச்சிசோசாமா', அதாவது சாப்பாட்டுக்கு நன்றி என்று ஒரு குரல் கொடுங்கள், அடுப்புக்குப் பின்னாலிருந்து பதில் வரும்.