ரெஸ்யூமேவில் இடைவெளி இருந்தால் என்ன செய்வது?

எட்டு மாதம் வேலையில்லாமல் இருந்தேன் என்று எழுதக் கூச்சமாகத்தான் இருக்கும். அந்த நேரம் பார்த்து "அனுபவச் சான்றிதழ் வாங்கித் தரட்டுமா" என்று ஒருவர் வருவார். அது போலிச் சான்றிதழ், ஒதுங்கிவிடுங்கள். பின்னணிச் சரிபார்ப்பில் பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) சர்வீஸ் ஹிஸ்டரியைக் கேட்டால் முடிந்தது கதை. உங்கள் பி.எஃப். கணக்குகளை இணைக்கும் 12 இலக்க யு.ஏ.என். எண்ணுக்குக் கீழே எந்த நிறுவனத்தில் எப்போது சேர்ந்தீர்கள், எப்போது விட்டீர்கள் என்று தேதியோடு வரிசையாக நிற்கும்.

அதனால் விண்ணப்பிக்கும் முன், பி.எஃப்.பை நிர்வகிக்கும் இ.பி.எஃப்.ஓ. அமைப்பின் தளத்துக்குள் போய் அந்தத் தேதிகளைப் பார்த்து, ரெஸ்யூமேவையும் அதற்கேற்பத் திருத்துங்கள். நீங்கள் வெளியேறிய தேதியைப் பழைய நிறுவனம் போடாமல் விட்டிருந்தால், கடைசிப் பங்களிப்பு வந்து இரண்டு மாதம் கழித்து நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

நேர்காணலில் இடைவெளிக்கு ஒரு வரி போதும். "அப்பாவுக்கு ஆபரேஷன், கூட இருந்தேன், இப்போது நன்றாக இருக்கிறார்." அவ்வளவுதான், நிறுத்திவிடுங்கள், நீட்டி முழக்கினால்தான் எதிரில் இருப்பவருக்குச் சந்தேகம் வரும். பழைய சம்பளத்தையும் கூட்டிச் சொல்லாதீர்கள், பே ஸ்லிப் கேட்பார்கள்.

அப்புறம் இந்த எரிச்சல். ஓரிடத்தில் மூன்று சுற்று முடித்தேன், அதன்பின் சத்தமே இல்லை. ராத்திரி பதினொரு மணிக்குக் கொதித்துப்போய் ஒரு மெயில் எழுதினேன், நல்லவேளை டிராஃப்டோடு நின்றது. ஒரு வாரம் பொறுத்து மரியாதையாக ஒருமுறை கேளுங்கள். பதில் வராவிட்டால் நோட்டில் அந்தப் பெயரை அடித்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.